ஒரே இலக்கத்தில் இரண்டு பொருட்கள்

மோட்டார் உதிரிப்பாக வியாபாரத்தில் இருக்கும் எனக்கு, திறமை இருந்தும் பெயர் எடுக்காத கார்களின் கதைகள் என்றால் தனி விருப்பம். அமெரிக்காவின் செவ்ரொலே கொபோல்ட் எஸ்எஸ் அப்படியான ஒன்று.

1976இல் ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் கோல்ப் ஜிடிஐ விற்பனைக்கு வந்ததிலிருந்து, வேகமான சிறிய கார் என்றால் ஹெச்பெக்தான் என்றாகிவிட்டது. பின்கதவு மேலே திறக்கும். ஆசனத்தை மடித்தால் சாமானும் ஏற்றலாம். கொபோல்ட் எஸ்எஸ் தனியான டிக்கி கொண்ட கார். வசதியில் போட்டியிட முடியாததால் இயந்திரத்தில் போட்டியிட்டது. 2008ஆம் ஆண்டு மாதிரியில் 2 லீற்றர் டேர்போ இயந்திரம் 260 குதிரைவலு கொடுத்தது. அதே அளவு இயந்திரத்தில் ஜிடிஐ கொடுத்தது 200. விலையோ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 23 ஆயிரம் டொலர். முன்சக்கரங்களுக்கு பிரெம்போ பிரேக் வேறு.

ஆனால் கதவைத் திறந்து உள்ளே அமர்ந்தால், மலிவான சாதாரண கொபோல்ட்டின் அதே கடின பிளாஸ்டிக். அந்தச் சாதாரண கார் வாடகை நிறுவனங்களில் வரிசையாக நின்ற கார். கோல்ப்பின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்த வாடிக்கையாளரிடம் குதிரைவலுக் கணக்கை எவ்வளவு நேரம்தான் சொல்லிக்கொண்டிருப்பது? 2009 ஜூனில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டர்ஸ் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2010உடன் கொபோல்ட் உற்பத்தியும் முடிந்தது.

பெரிய அடி வந்தது அதற்குப் பிறகு, 2014இல். ஆரம்ப ஆண்டுகளில் வந்த கொபோல்ட் கார்களின் இக்னிஷன் சுவிட்ச் இறுக்கம் குறைந்தது. சாவிக்கொத்தின் பாரத்தாலோ ஒரு குலுக்கலாலோ சாவி தானாகத் திரும்பி, ஓட்டத்திலேயே இயந்திரம் நின்றுவிடும். பவர் ஸ்டியரிங் போய்விடும், மோதினால் எயார் பேக்கும் விரியாது. 124 மரணங்களுக்கு நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது. குற்றவியல் விசாரணையை முடிக்க 2015இல் 900 மில்லியன் டொலர் செலுத்த நேர்ந்தது. திருத்தத்துக்கான உதிரிப்பாகத்தின் விலை 57 சதம் என்று அமெரிக்கக் காங்கிரஸில் சொல்லப்பட்டது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 2006இல் அந்தச் சுவிட்சைத் திருத்த அனுமதி கொடுத்த பொறியியலாளர், உதிரிப்பாக இலக்கத்தை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே இலக்கத்தில். எந்தப் பெட்டியில் எது என்று எந்தக் கடைக்காரருக்குத் தெரியும்? பின்னர் வந்த கார்களில், பழுதுபார்க்கும்போது பழைய சுவிட்ச் மாட்டப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில், 2008 முதல் 2010 வரையான கொபோல்ட்களையும் திரும்ப அழைத்தார்கள். டேர்போ எஸ்எஸ் மாட்டியதும் இந்தச் சுற்றில்தான்.

இதை வாசித்த பின் என் களஞ்சியத்தை ஒருமுறை புரட்டினேன். ஒரே இலக்கமிட்ட பிரேக் பேட் பெட்டிகளில் இரண்டு விதமான சரக்கு இருந்தது. இரண்டையும் விற்பனையிலிருந்து எடுத்து, விநியோகித்தவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.