வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங்: எப்போது கைகூடும்?

அமெரிக்காவில் ஒருவர் காய்ச்சலும் இருமலுமாக மருத்துவமனைக்குப் போகிறார். ‘நிமோனியாவாக இருக்கலாம்’ என்று மருத்துவர் எழுதுகிறார். வெளிநோயாளியாகப் பார்த்து அனுப்பிவிட்டால், மருத்துவர் எழுதியதைக் காப்பீட்டுக்கான குறியீடாக மாற்றும் கோடர் நிமோனியாவுக்குக் குறியீடு போடக்கூடாது. காய்ச்சலுக்கும் இருமலுக்கும்தான் போடலாம். அவரையே உள்நோயாளியாகச் சேர்த்து, டிஸ்சார்ஜ் ஆகும்போதும் அந்தச் சந்தேகம் நீடித்தால், நிமோனியா என்றே போட வேண்டும். சென்னையிலோ கோவையிலோ இருக்கும் கோடர் இதில் தவறினால், அங்கே காப்பீட்டுப் பணம் நின்றுபோகலாம். தட்டச்சு தெரிந்தால் போதும் என்று சொல்லும் விளம்பரங்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

நோய்க்கு ஐசிடி-10-சிஎம் குறியீடு. 2015 அக்டோபரில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த இதில் 70,000-க்கும் மேற்பட்ட குறியீடுகள். சிகிச்சைக்கு சிபிடி. எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். கோடர்களுக்குச் சான்றிதழ் தரும் ஏஏபிசி அமைப்பின் சிபிசி தேர்வையே புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்: 4 மணி நேரம், 100 கேள்விகள், தேற 70 சதவீதம். புத்தகம் கையில் இருக்கிறதே என்று அசட்டையாகப் போகிறவர்களுக்குத்தான் நேரம் பற்றாது. அனுபவம் இல்லாமல் தேறினால் சான்றிதழில் ‘ஏ’ என்ற எழுத்து ஒட்டிக்கொள்ளும். அப்ரென்டிஸ் என்று அர்த்தம்.

அந்த எழுத்தோடு இருப்பவருக்கு முதல் நாளே வீட்டிலிருந்து செய்யும் வேலை கிடைப்பது அரிது. நோயாளியின் விவரம் வெளியே போகக்கூடாது என்பது ஹிப்பா என்ற 1996-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே தனி அறை, நிலையான இணையம், மேசையில் செல்போன் கூடாது என்று நிபந்தனைகள் வரும். புதியவரை அலுவலகத்தில் வைத்துப் பழக்கி, ஆடிட்டில் 95 சதவீதத் துல்லியம் தொடர்ந்து வந்த பிறகு வீட்டிலிருந்து வேலை செய்ய அனுப்புவதே பொதுவான வழக்கம். ‘முன்பணம் கட்டினால் நாளையே வீட்டில் வேலை’ என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள்.

எந்தப் பிரிவு? ரேடியாலஜி அறிக்கைகள் சின்னவை. தொடங்க எளிது, ஆனால் டார்கெட் பிழிந்தெடுக்கும். எச்சிசி பிரிவில் நாள்பட்ட நோய்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். சர்க்கரை நோயும் நாள்பட்ட சிறுநீரக நோயும் ஒரே சார்ட்டில், அதாவது நோயாளியின் மருத்துவப் பதிவில், இருந்தால், தொடர்பில்லை என்று மருத்துவர் எழுதாதவரை இரண்டையும் இணைத்து இ11.22 போடுவது விதி. நர்சிங், பி.பார்ம் படித்தவர்களுக்கு இது நன்றாகப் பிடிபடும் என்பது என் கணிப்பு. உள்நோயாளிகளுக்கான ஐபி-டிஆர்ஜியில் ஒரு சார்ட்டே நூற்றுக்கணக்கான பக்கம் போகும், சம்பளமும் கூடுதல். அதற்குச் சில வருடம் பொறுக்க வேண்டும்.

பழைய புத்தகம் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்கும் முன் அட்டையில் ஆண்டைப் பாருங்கள். அக்டோபர் 1-இல் ஐசிடி மாறும். ஜனவரி 1-இல் சிபிடி மாறும்.