எச்சரிக்கை விளக்கும் வினையூக்கியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

உடம்பு சுட்டால் காய்ச்சல் என்கிறோம். ஆனால் சூடு நோயன்று, நோயின் அறிகுறி. அது எதனால் வந்தது என்று ஆராய்ந்த பிறகே நல்ல மருத்துவர் மருந்து எழுதுவார். இன்றைய மோட்டார் காரிலும் இப்படி ஓர் அறிகுறி உண்டு. ஓட்டுநரின் எதிரே மஞ்சளாக எரியும் 'செக் என்ஜின்' விளக்கே அது. வீட்டு வாசலில் காரைப் பழுது பார்த்தபின் அவ்விளக்கு எரிந்து, ஸ்கேனரில் 'பி 0420' என்னும் எண் தோன்றினால் என்ன பொருள், என்ன செய்ய வேண்டும் என்பதைக் காண்போம்.

வினையூக்கி மாற்றி

தான் மாறாமல் வினையின் வேகத்தை மாற்றும் பொருளே வினையூக்கி என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். காரின் புகைக்குழாயில் சைலன்சருக்கு முன்னால் உள்ள ஒரு டப்பாவில், தேன்கூடு போன்ற பீங்கான் இருக்கிறது. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டுள்ளன. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்று நச்சுகளும் அங்கே கார்பன் டை ஆக்சைடாகவும், நீராவியாகவும், நைட்ரஜனாகவும் மாறுகின்றன.

இதன் வரலாறு சுவையானது. பிரான்சில் பிறந்த யூஜின் ஹூட்ரி என்பவர், கனமான எண்ணெயை வினையூக்கியால் சிதைத்துப் பெட்ரோலாக்கும் முறையை 1930-களில் தொழிற்சாலை அளவில் நிறுவினார். பின்னர் கார்ப்புகையைச் சுத்தம் செய்யவும் வினையூக்கியையே நாடினார். ஆனால் அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்தது. அவர் 1962-ல் மறைந்தார். 1975-ல்தான் அமெரிக்கக் கார்களில் இக்கருவி பரவலாயிற்று. நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. நம் காலடிப்பேட்டைக்கு மேற்கேயுள்ள மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் ஹூட்ரியின் வழிவந்த வினையூக்கிச் சிதைப்பு நடைபெறுகிறது என்பது நமக்கு நெருக்கமான செய்தி.

எண் சொல்வது என்ன?

இக்கருவிக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் ஆக்சிஜன் சென்சார் உண்டு. பெரும்பாலான கார்களில் முன் சென்சாரின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாது ஏறி இறங்கும். வினையூக்கியோடு கலந்துள்ள சீரியம் ஆக்சைடு, மிகுந்த ஆக்சிஜனைச் சேமித்து, குறையும்போது திருப்பித் தருகிறது. ஆகவே பின் சென்சாரின் அளவு ஏறத்தாழ நிலையாக நிற்கும். அதுவும் முன் சென்சாரைப் போலவே ஆடத் தொடங்கினால், கம்ப்யூட்டர் 'பி 0420' என்று பதிவு செய்கிறது. சாட்சி சொல்வது பின் சென்சார் மட்டுமே. சாட்சி பிழையானால் தீர்ப்பும் பிழையாகும் அல்லவா?

எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் ஒருவர், கடற்காற்றில் துருப்பிடித்து ஓட்டையான சைலன்சரைத் தாமே மாற்றினார். சில நாட்களில் விளக்கு எரிந்தது. ஒரு பட்டறையில், மாற்றியையே புதிதாகப் போடவேண்டும் என்றார்கள். அவருடைய இரண்டு மாத வருமானம் அதற்கே போய்விடும். இன்னொரு பட்டறையில், உள்ளிருக்கும் பீங்கானை உடைத்துக் கொட்டிவிடலாம் என்றார்கள். இரண்டு இடத்திலும் காரின் அடியில் குனிந்து பார்த்தவர் இல்லை.

சோதிக்கும் முறை

முதலில், பதிவான எண்கள் அனைத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். 'பி 0300' போன்ற எண் உடனிருந்தால் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். பிளக், காயில் ஆகியவற்றைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இரண்டாவது, பழுது பார்த்தபோது கைபட்ட இடங்களைப் பார்க்க வேண்டும். சென்சாரின் ஒயர் சூடான குழாயில் உரசுகிறதா? கனெக்டர் சரியாகப் பொருந்தியதா?

மூன்றாவது, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, வெட்டவெளியில் ஸ்டார்ட் செய்து இணைப்புகளில் சோப்புநீர் தடவிப் பார்க்கலாம். குமிழி வந்தால் கசிவு. புகை துடிப்புத் துடிப்பாக வருவதால், துடிப்புகளுக்கிடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டுச் சென்சாரை ஏமாற்றும்.

நான்காவது, என்ஜின் நன்கு சூடான பின் இரு சென்சார்களின் அளவையும் ஸ்கேனரில் ஒப்பிட வேண்டும்.

அண்ணனின் காரில் மூன்றாம் படியிலேயே விடை கிடைத்தது. பின் சென்சாருக்கு அருகிலிருந்த இணைப்பில் பழைய கேஸ்கட்டையே மறுபடி போட்டிருந்தார். அங்கே குமிழி வந்தது. புதிய கேஸ்கட் போட்டு, எண்ணை அழித்து, சில நாள் ஓட்டிப் பார்த்தார். விளக்கு மீண்டும் எரியவில்லை. எண்ணை அழித்தவுடன் விளக்கு அணைவதை வைத்து முடிவு செய்யலாகாது. கம்ப்யூட்டர் தன் சோதனையை மறுபடி நடத்தச் சில நாள் ஓட்டம் தேவை.

கசிவின்றி, சென்சாரும் நன்றாயிருந்து, அளவு அப்போதும் ஆடினால் வினையூக்கி கெட்டதென்று கொள்ளலாம். அப்போதும் காரணத்தைத் தேட வேண்டும். எரியாத பெட்ரோல் உள்ளே சென்று எரிந்தால் பீங்கான் உருகும். என்ஜின் ஆயில் புகைந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் படியும். காரணம் நீங்காவிடில் புதிய மாற்றியும் கெடும்.

பீங்கானை உடைத்தெறிவது சட்டத்துக்குப் புறம்பு, அண்டைவீட்டாருக்குத் தீங்கு. கார்பன் மோனாக்சைடு இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைவது. கன்டெய்னர் லாரிகளின் புகையை ஏற்கெனவே சுவாசிக்கும் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக் குழந்தைகளுக்கு அதையும் சேர்த்துத் தரலாமா?

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நம் தந்தையரும் அண்ணன்மாரும் கைவேலை அறிந்தவர்கள். அவர்களது கைத்திறனோடு நாம் கற்ற வேதியியலும் சேர்ந்தால், வீண் செலவும் குறையும், காற்றும் கெடாது. விடுமுறையில் வீடு செல்லும் மாணவ நண்பர்கள், தெருவில் இப்படி ஒரு விளக்கு எரியக் கண்டால், நான்கு படிகளையும் எடுத்துச் சொல்வார்களாக.