கல்யாணக் கேசட்டும் கம்ப்யூட்டர் தவணையும்

சென்ற மாதம் குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றுக்குச் சங்க வேலையாகப் போயிருந்தேன். லயத்தில் ஓர் அக்கா காப்பி கொடுத்துவிட்டு, தகரப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து வைத்தார். உள்ளே எட்டு வீடியோ கேசட். அவருடைய கல்யாணம், மாரியம்மன் திருவிழா, மாமனாரின் கடைசி தீபாவளி. அந்தக் கோயில் இப்போது இல்லை. அந்த டிவிசனே வீடமைப்புக்குப் போய்விட்டது.

"தம்பி, இதையெல்லாம் சிடியில ஏத்தணும். கடைக்காரரு புது கம்ப்யூட்டர் தரேங்கிறாரு. மாசம் 150 வெள்ளி, 24 மாசம். கையெழுத்துப் போடவா?"

போடாதீங்க என்றேன். 150ஐ 24ஆல் பெருக்கினால் 3,600 வெள்ளி. 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அப்படியானால் இரண்டு மாத உழைப்பும் போய், இன்னும் 200 வெள்ளி கடன்! கடைக்காரர் மாதக் கணக்கைத்தான் சொல்வார், மொத்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

இந்த வேலைக்குப் புது மெஷின் தேவையே இல்லை, தோழர்களே. ஆபீசுகளில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் ரொக்கத்துக்கு ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்குள் அடங்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்க முடியாத மெஷின்களை மலிவு என்று சொல்லி நம் தலையில் கட்டுவார்கள். இன்டெல் 'ஐ5' என்று போட்டிருந்தால் அதன் பின்னால் வரும் எண் 8, 9, 10 என்று தொடங்குகிறதா பாருங்கள். 4, 6 என்றிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மெமரி 8 ஜிபி இருக்கட்டும். வீடியோ இடத்தை விழுங்கும், ஆகவே டிஸ்க் 500 ஜிபிக்குக் குறைய வேண்டாம்.

இக்காலத்து லேப்டாப்பில் சிடி போடும் வாயே கிடையாது. யுஎஸ்பியில் சொருகும் டிவிடி ரைட்டர் தனியாக வாங்க வேண்டும். கேசட்டிலிருந்து படத்தை இழுக்க, மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் சொருகும் சின்னக் கருவி ஒன்றும் வேண்டும். மூன்று மணி நேரக் கேசட் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை. பழைய விசிடி ஒன்றில் 74 நிமிடம்தான் அடங்கும். 4.7 ஜிபி டிவிடியில் நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம் அடங்கும். ஏற்றும்போது 'வீடியோ டிவிடி' என்றே ஏற்றுங்கள். வெறும் ஃபைலாக ஏற்றினால் வீட்டிலுள்ள பழைய டிவிடி பிளேயர் படிக்காமல் போகலாம்.

படம் டவுன்லோட் பண்ணத்தான் என்றால் கைத்தொலைபேசியே போதும். ஆனால் நம் பையன்கள் சிலர் புதுப்படத்தை இறக்கி, சிடி போட்டு, பசார் மாலாமில் விற்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. பத்து சிடி பிடிபட்டால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சேமநிதியைப் பற்றியும் அக்கா கேட்டார். 2000ஆம் ஆண்டு வாக்கில் சேமநிதியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பணம் எடுக்க விட்டார்கள். முறைகேடு பெருகவே நிறுத்திவிட்டார்கள். 2024 மே மாதத்தில் வந்த நெகிழ்வுக் கணக்கிலிருந்து எதற்கும் எடுக்கலாம். எடுக்கலாம்தான், ஆனால் அது கை கால் ஓய்ந்த பிறகு கஞ்சிக்கு வைத்த காசு. அதைவிட நாலு வீடு சேர்ந்து ஒரு மெஷின் வாங்கலாம் என்றேன். பக்கத்து வீடுகளிலும் கேசட் இருக்கிறதல்லவா? அக்கா அன்றைக்கே மூன்று வீடு பேசி முடித்துவிட்டார்.

கம்ப்யூட்டர் கிடைத்துவிடும். கிடைக்காதது கேசட் ஓட்டும் பிளேயர்தான். ஜப்பானின் பூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதன் உற்பத்தியை நிறுத்திய பிறகு புதிது வருவதில்லை. நம் ஊர் ஈரத்தில் கேசட்டிலும் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கிறது. அப்படிப் பூத்த கேசட்டை அப்படியே போட்டால் பிளேயரின் தலை அழுக்காகி அடுத்த கேசட்டும் கெடும், அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

அக்கா வீட்டுக்காக இன்னும் பிளேயர் தேடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரண்மேல் ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.