கார்த்திகை மீன்களின் வயதும் லித்தியமும்

கார்த்திகை என வழங்கும் விண்மீன் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்கள் தென்படும். உண்மையில் அதில் 1,000-க்கும் மேற்பட்டவை உள்ளன. யாவும் ஒரே வாயு மேகத்திலிருந்து ஏறக்குறைய ஒரே காலத்தில் தோன்றியவை. ஆதலின் ஒன்றன் வயதே மற்றவற்றின் வயதும் ஆகும். அந்த வயது எது என்பதில்தான் வானநூலாரிடையே நெடுங்காலம் கருத்து வேற்றுமை நிலவியது.

பழைய முறை ஒளிமிக்க மீன்களைச் சார்ந்தது. நிறைமிக்க விண்மீன் தன் ஹைட்ரஜனை விரைவிற் செலவிட்டு முதுமை எய்துகிறது. சிறியது சிக்கனமாக வாழ்கிறது. ஆகவே முதுமை அடையத் தொடங்கிய மீன்களின் நிறையைக் கொண்டு கூட்டத்தின் வயது கணிக்கப்பட்டது. கார்த்திகைக்கு இவ்வாறு கிடைத்த விடை ஏழெட்டுக் கோடி ஆண்டுகள். ஆனால் விண்மீனின் நடுப்பகுதியிற் புரளும் வாயு தன் எல்லையைக் கடந்து, வெளியிலுள்ள ஹைட்ரஜனையும் உள்ளே இழுத்துக்கொள்ளுமாயின், எரிபொருள் பெருகி ஆயுள் நீளும். எவ்வளவு இழுக்கிறது என்பதை நேரிற் காண வழியில்லை.

இவ்விடத்தில் மங்கிய மீன்கள் துணைக்கு வந்தன. சூரியனின் நிறையிற் பத்தில் ஒரு பங்கும் இல்லாத இவை, பிறந்தபின் மெல்லச் சுருங்குகின்றன. சுருங்கச் சுருங்க நடுப்பகுதி சூடேறுகிறது. அங்கு வெப்பநிலை சுமார் 25 லட்சம் டிகிரியை எட்டியதும் லித்திய அணுக்கரு புரோட்டானோடு மோதிச் சிதைகிறது. துழாவப்படும் கஞ்சிபோல இவற்றின் வாயு முழுவதும் மேலும் கீழும் கலந்துகொண்டே இருப்பதால், மேற்பரப்பிலுள்ள லித்தியமும் அடிக்கு இறங்கி அழிந்துவிடும். நிறை கூடியவை இந்நிலையை முன்னரும், குறைந்தவை பின்னரும் எய்தும். சூரியனின் நிறையில் நூற்றில் ஆறு பங்கிற்கும் குறைந்தவை எய்துவதே இல்லை. ஆகையால் இச்சிறு மீன்களுள் ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேற்பட்ட ஒளியுடையவற்றில் லித்தியம் இராது, கீழ்ப்பட்டவற்றில் இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வரம்பு மேலும் மங்கிய மீன்களை நோக்கி இறங்கும். வரம்பு எங்கே நிற்கிறது என்று கண்டால் வயது தெரிந்துவிடும்.

நிறமாலையின் சிவப்புப் பகுதியில், 6708 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் தோன்றும் கருங்கோடே லித்தியத்தின் அடையாளம். இத்துணை மங்கிய பொருள்களின் ஒளியை நிறமாலையாக விரித்துப் பார்க்க மிகப் பெரிய கருவி வேண்டும். ஹவாய்த் தீவிலுள்ள 10 மீட்டர் கெக் தொலைநோக்கியின் உதவியால் பஸ்ரி, மார்சி, கிரேகாம் ஆகியோர் பி.பி.எல். 15 என்னும் பொருளில் அக்கோட்டைக் கண்டு, 1996-இல் அதனை வெளியிட்டனர். அவர்கள் கணித்த வயது சுமார் 11.5 கோடி ஆண்டுகள். (அப்பொருள் ஒன்றன்று, ஒன்றையொன்று சுற்றும் இரண்டு என்பது 1999-இல் தெரியவந்தது, ஒரே பொருளை நம்பி வரம்பு வரைவது அவ்வளவு இடருடையது.) 1998-இல் ஸ்டாஃபரும் உடனுழைத்தோரும் மேலும் பல மீன்களை ஆராய்ந்து 12.5 கோடி எனத் துணிந்தனர். மறு ஆண்டில் பெர்சியஸ் மண்டலத்திலுள்ள ஆல்ஃபா பெர்சியஸ் கூட்டத்திலும், முன்பு 5 கோடி எனக் கருதப்பட்ட வயது 9 கோடியாக உயர்ந்தது. இரு கூட்டங்களிலும் வேறுபாடு ஒரே திசையில் அமைந்தமையால், பெரிய மீன்களின் நடுப்பகுதியில் எல்லை கடந்த கலப்பு நிகழ்கிறது என்பதற்கு வலு ஏற்பட்டது.

எனினும் வரம்பின் உண்மையான ஒளியைப் பெறக் கூட்டத்தின் தொலைவு தெரிய வேண்டும். 1997-இல் வெளியான ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோளின் அளவுகள் கார்த்திகையை சுமார் 390 ஒளியாண்டுத் தொலைவில் வைத்தன. அது மெய்யானால் மீன்கள் நினைத்ததைவிட ஒளி குறைந்தவையாகி, வயது இன்னும் கூடும். பின்னர் கையா செயற்கைக்கோள் அளித்த அளவுகள், தொலைவு சுமார் 440 ஒளியாண்டுகள் என்ற முந்தைய கணக்கையே உறுதிசெய்தன.