மீன் தொட்டிக்கு எந்த மூடி?

வீட்டு மீன் தொட்டியை மூடுவதா, திறந்து விடுவதா என்பதை முடிவு செய்வதற்கு முன், அதில் வாழும் மீனின் இயல்பை அறிந்துகொள்வது முறையாகும். விரால், ஃபைட்டர், வரிக்குதிரை மீன் ஆகியவை துள்ளும் இனங்கள் என்பதால், வடிகட்டியின் குழாய் நுழைவதற்காக விடப்பட்ட சிறு சந்து வழியாகக்கூட அவை வெளியே விழுந்து இறந்துவிடுவதுண்டு. ஃபைட்டருக்கும் குராமிக்கும் செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக இரத்தக் குழாய்கள் நிறைந்த 'லேபிரிந்த்' என்னும் உறுப்பு அமைந்துள்ளது. நீர்மட்டத்துக்கு வந்து விழுங்கும் காற்றிலிருந்து இவ்வுறுப்பின் வழியாகவே அவை ஆக்சிஜனைப் பெறுவதால், மூடிக்கும் நீருக்கும் இடையே நான்கைந்து சென்டிமீட்டர் காற்று வெளி இருந்தாக வேண்டும்.

அடுத்தது வெப்பம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் செலவாகிறது. அவ்வெப்பம் முழுவதும் 100 லிட்டர் தொட்டி நீரிலிருந்தே எடுக்கப்பட்டு, அறையிலிருந்து வெப்பம் திரும்ப வராதிருந்தால், நீரின் வெப்பநிலை ஐந்தரை டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். கண்ணாடி மூடி இந்த ஆவியாதலைத் தடுத்து வெப்பத்தை உள்ளேயே தேக்குகிறது. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது: 25 டிகிரி செல்சியசில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராமாகச் சுருங்கும். குளிர்நாடுகளில் வெப்பத்தைக் காக்கும் நன்மையாக விளங்கும் அதே கண்ணாடி, சென்னையின் சித்திரை வெயிலில் மீனுக்குக் கேடாகலாம்.

திறந்த தொட்டியிலும் குறையுண்டு. ஆவியாவது நீர் மட்டுமே, உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. குறைந்த அளவை ஆழ்துளைக் கிணற்று நீரால் மீண்டும் மீண்டும் நிரப்பினால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும் என்பதால், அதற்கு மழைநீரோ ஆர்.ஓ. நீரோ ஏற்றது. மூடியின் அடிப்புறத்தில் திரளும் நீர் மின்கம்பி வழியே வழிந்து செருகியை எட்டாதவாறு, கம்பியைச் செருகியின் மட்டத்துக்குக் கீழே வளைந்து தொங்கும்படி விடுவதும் இன்றியமையாதது.

வெப்ப மண்டல வீடுகளுக்குச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை மூடியே சாலச் சிறந்தது. அதன் கண்கள் மீனின் உடல் பருமனைவிடச் சிறியனவாக இருக்க வேண்டும். குழாய் நுழையும் மூலையையும் அவ்வலையாலேயே அடைத்துவிட வேண்டும்.