இரும்புத் தூளும் யூரியா மூட்டையும்

வடசென்னையின் மணலி புதுநகரில் குடியிருப்பவர்களுக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கக் கொடி வேண்டாம், மூக்கே போதும். தெற்கிலிருந்து அடித்தால் ஆலைகளின் வாடை. சில இரவுகளில் அழுகிய முட்டை நாற்றம்.

அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடுடையது. கச்சா எண்ணெயோடு வரும் கந்தகத்தைப் பிரிக்கும்போது பிறக்கும் வாயு அது. பிரிக்கும் வேலையைச் செய்வது மனிதரோ இயந்திரமோ அல்ல. கோபால்ட்டும் மாலிப்டினமும் ஏற்றிய சின்னச் சின்ன அலுமினா மணிகள். ஆலைக்காரர்கள் ‘கேட்டலிஸ்ட்’ என்பார்கள், பாடப்புத்தகத்தில் வினையூக்கி. கோவையிலிருந்து கேரளத்துக்குப் போகிறவர் மேற்குத் தொடர்ச்சி மலையை ஏறி இறங்குவதில்லை, பாலக்காட்டுக் கணவாய் வழியே போய்விடுகிறார். கணவாய் மலையின் உயரத்தைக் குறைக்கவில்லை. எத்தனை பேர் கடந்தாலும் தானும் தீர்ந்துபோவதில்லை. வேதிவினைக்குள் ஊக்கி அப்படியொரு கணவாய். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வாகனப் புகை விதி வந்தபோது டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. அண்ணா சாலையில் பஸ்ஸுக்கு நிற்பவரின் நுரையீரலுக்குக் கிடைத்த அந்த நன்மைக்கு மணலி போன்ற ஊர்களில் இரவு பகலாக வேலை நடக்கிறது.

கந்தகத்தைப் பிரிக்க ஹைட்ரஜன் வேண்டும். அது நாஃப்தாவிலிருந்தோ இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிக்கல் ஊக்கியின் மேல் நீராவியைச் செலுத்திப் பெறப்படுகிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் சுமார் ஒன்பது கிலோ கரியமில வாயு வெளியே போகும். சிக்கலின் வேர் இங்கேதான்.

மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது. 1971இல் பக்கத்திலேயே மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் உர ஆலை. அங்கே ஹைட்ரஜன் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்ந்து அம்மோனியாவாகி, பிறகு யூரியாவாகிறது. இந்தச் சேர்க்கைக்கு வழி கண்டவர் ஜெர்மானியரான ஃப்ரிட்ஸ் ஹேபர். அவர் 1909இல் ஆஸ்மியத்தைக் கொண்டு செய்துகாட்டினார். ஆனால் உலகத்து ஆஸ்மியம் முழுவதையும் கூட்டினாலும் ஒரு தொழிலுக்குக் காணாது. மலிவான மாற்றைத் தேடி வேதியியலாளர் அல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்தார். கடைசியில் தேறியது ஸ்வீடனின் இரும்புத் தாது, அதில் கொஞ்சம் அலுமினாவும் பொட்டாஷும். 1913இல் முதல் ஆலை. நூறாண்டு கடந்தும் உலகின் பெரும்பாலான அம்மோனியா ஆலைகளில் அந்த இரும்புக் கலவையின் வாரிசுகளே இருக்கின்றன. தஞ்சாவூர் வயலில் தூவும் யூரியாவுக்கும் அந்த இரும்பே மூலம்.

ஆகவே அம்மோனியாவைப் பசுமையாக்க இரும்பை மாற்ற வேண்டியதில்லை. ஹைட்ரஜன் வரும் வழியை மாற்ற வேண்டும். மணலி உர ஆலை ஏற்கெனவே ஒரு தடவை வழி மாறியது. எண்ணூர்த் துறைமுகத்தில் திரவ எரிவாயு முனையம் வந்த 2019இலேயே நாஃப்தாவை விட்டு எரிவாயுவுக்கு வந்துவிட்டது. அடுத்தது, சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து பெறும் ஹைட்ரஜன். 2023 ஜனவரியில் மத்திய அரசு இதற்கென 19,744 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.

பலர் கவனிக்காத முடிச்சு ஒன்று உண்டு. யூரியாவுக்குக் கரியமில வாயுவும் வேண்டும், ஒரு டன்னுக்கு ஏறத்தாழ முக்கால் டன். இப்போது அது எரிவாயுவிலிருந்தே கிடைத்துவிடுகிறது. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தால் அந்த வாயு எங்கிருந்து வரும்? வேறு ஊரில் இது பெரிய கேள்வி. மணலியில் பதில் மதில் சுவருக்கு அந்தப் பக்கம், சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வயலில் விழுந்ததும் யூரியா அந்த வாயுவைத் திரும்ப விட்டுவிடும், உண்மைதான். ஆனாலும் உரத்துக்கென்று புதிதாகப் புதைபடிவ எரிபொருளை எரிக்காமல் இருக்கலாம். அந்த வாயுவையே செம்பும் துத்தநாக ஆக்சைடும் கலந்த ஊக்கியின் மேல் ஹைட்ரஜனோடு சேர்த்தால் மெத்தனால், அதாவது எரிபொருளும் மூலப்பொருளும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பசுமை அம்மோனியாவும் கசிந்தால் அதே அம்மோனியாதான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்து மக்கள் கடலடிக் குழாய்க் கசிவால் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடியதை மறந்துவிட்டு இங்கே எந்தத் திட்டத்தையும் பேசக் கூடாது. அதற்குச் சில வாரம் முன்புதான், மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகம் வரை பரவி மீனவர்களின் வலைகளைக் கெடுத்தது. இந்த மக்களின் சம்மதம்தான் முதல் அனுமதி.

அந்தச் சம்மதத்தோடு ஆய்வும் வேண்டும். சென்னை ஐஐடியில் 2006இல் தேசிய வினையூக்கி ஆராய்ச்சி மையம் தொடங்கியது. அங்கிருந்து மணலிக்கு அரை நாளில் போய்வந்துவிடலாம். ஆய்வுக்கூடத்துச் சிலிண்டரில் வரும் தூய வாயுவில் ஓர் ஊக்கி நன்றாக உழைக்கும். ஆலைப் புகையில் கந்தகம் இருக்கிறது. செம்பு ஊக்கிக்கு அது நஞ்சு. ஆய்வுக்கூடத்தில் சில நூறு மணி நேரம் தாங்கியது ஆலையில் ஆண்டுக்கணக்கில் தாங்குமா என்பதை உண்மையான புகையில் வைத்துத்தான் அறிய முடியும். தமிழ்நாட்டில் அதற்கு மணலியைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

புகைபோக்கியிலிருந்து ஒரு சிறு கிளைக் குழாயை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். அங்கே கிடைக்கும் அளவீடுகளை மணலி புதுநகர் வீடுகளுக்கும் தமிழில் கொடுங்கள்.