வலி போன பின்னும் ஆறாத முழங்கால்

முழங்கால் மூட்டுக்குள், தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே, இரண்டு நார்கள் பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. அவற்றில் முன்னால் இருப்பது முன்சிலுவைத் தசைநார். மருத்துவமனையில் ஏ.சி.எல். என்றுதான் சொல்வார்கள். நீளம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். கீழ்க்கால் எலும்பு முன்பக்கமாக நழுவாமல் பிடிப்பதும், பாதம் ஊன்றியிருக்கும்போது முழங்கால் அளவுக்கு மீறித் திருகாமல் தடுப்பதும் இதன் வேலை.

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். கடந்த அக்டோபர் மழையில் பள்ளிக்குப் போகும் வழியில் ஸ்கூட்டர் சறுக்கியது. விழாமல் இருக்க இடது காலை ஊன்றினேன். பாதம் அங்கேயே நின்றது, உடல் மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். இரண்டு மணி நேரத்திற்குள் முட்டி வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரே சொன்னது. நார் முழுவதுமாக அறுந்திருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. சொன்னது. எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்பதை ‘முழங்காலில் ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் நொண்டிக்கொண்டே பணிக்கு வருபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நார் அறுந்த எல்லோருக்கும் அறுவை சிகிச்சை வேண்டும் என்பதில்லை. சுவீடனில் 121 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், உடனே அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும், முதலில் பயிற்சி செய்துவிட்டுத் தேவைப்பட்டால் மட்டும் அறுவை சிகிச்சைக்குப் போனவர்களுக்கும் இரண்டு ஆண்டு முடிவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனக்கோ சமதளத்தில் நடக்கும்போதே முழங்கால் திடீர் திடீரென விட்டுக்கொடுத்தது. அப்படி விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் குருத்தெலும்புத் தட்டு நசுங்கக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். வீக்கம் வடிந்து, கால் முழுவதுமாக நீளும் வரை ஐந்து வாரம் பயிற்சி செய்துவிட்டு, நவம்பர் நடுவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன்.

இந்தச் சிகிச்சையில் அறுந்த நாரைத் தைப்பதில்லை. மூட்டு நீரில் மிதந்துகொண்டிருக்கும் நுனிகள் பெரும்பாலும் தாமாகச் சரியாக ஒட்டுவதில்லை. அதனால் உடலின் வேறோர் இடத்திலிருந்து தசைநாண் எடுத்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டு, பழைய நார் இருந்த வழியிலேயே பொருத்துகிறார்கள். எனக்கு அதே காலின் தொடைப் பின்பக்கத்திலிருந்து எடுத்தார்கள்.

இனிமேல் சொல்வதுதான் பணிக்குத் திரும்ப நினைக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. பொருத்திய நாண் முதல் நாளிலேயே தசைநாராகிவிடுவதில்லை. தன் பழைய இரத்த ஓட்டத்தை இழந்துதான் அது புது இடத்துக்கு வருகிறது. முதலில் அதன் உயிரணுக்கள் பெருமளவு மடிகின்றன. பிறகு புதிய இரத்தக் குழாய்கள் உள்ளே வளர்கின்றன, புதிய உயிரணுக்கள் குடியேறுகின்றன, இழைகள் மெல்ல மெல்லத் திருத்தி அமைக்கப்படுகின்றன. இது முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இந்த இடைவெளியில், ஏறக்குறைய 6 முதல் 12 வாரம் வரை, அந்த நார் மிகவும் பலவீனமாக இருக்கிறது. பொருத்திய அன்று இருந்ததைவிடவும் பலவீனம்!

ஆனால் வலியின் கணக்கு இதற்கு நேர்மாறு. முதல் வாரம் கடுமையாக இருந்த வலி ஆறாவது வாரத்தில் ஏறக்குறைய போய்விட்டது. ஊன்றுகோலைக் கீழே வைத்தாயிற்று. பார்ப்பவர்கள், “நல்லா நடக்குறீங்களே டீச்சர், எப்ப வர்றீங்க?” என்று கேட்கத் தொடங்கினார்கள். இயன்முறை மருத்துவர் மட்டும் மசியவில்லை. “வலி போயிடுச்சுங்கறதும் ஆறிடுச்சுங்கறதும் வேற வேற மேடம். உங்க முட்டி இப்ப உங்களை ஏமாத்துற கட்டத்துல இருக்கு” என்றார்.

என் விடுப்பு முடிந்ததும் சரியாக அந்தக் கட்டத்தில்தான். அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்தபோது எனக்கு ஏழாவது வாரம். பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வுகள் தொடங்கவிருந்தன. இரண்டு பாடங்கள் நடத்தப்படாமல் இருந்தன. போகாமலும் இருக்க முடியாது. போய் நாரை அறுத்துக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து.

எந்தத் தேதியில் சேர்வது என்ற கேள்வியை விட்டுவிட்டு, பள்ளியில் என் முழங்கால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று எழுதிப் பார்க்கச் சொன்னார் இயன்முறை மருத்துவர். எழுதிய பிறகுதான் ஆசிரியர் வேலை எவ்வளவு ‘கால்வேலை’ என்று புரிந்தது. பேருந்துப் படி, மாடிப்படி, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்பது, அடுத்தடுத்து மூன்று பாடவேளை நிற்பது, பெஞ்சு இடுக்குகளில் நுழைந்து நோட்டுப் பார்ப்பது, மணி அடித்ததும் ஓடிவரும் பிள்ளைகளுக்கு நடுவே நடப்பது. இவற்றுள் எதுவும் அவரை அதிகம் கவலைப்படுத்தவில்லை. “போர்டுல எழுதிட்டு எப்படித் திரும்புவீங்க? செஞ்சு காட்டுங்க” என்றார்.

எழுதி முடித்ததும் நாம் எல்லோரும் ஒரே மாதிரிதான் திரும்புகிறோம். பாதத்தை எடுப்பதில்லை. ஒரு காலை ஊன்றியபடியே உடலைச் சட்டென்று வகுப்பின் பக்கம் சுழற்றுகிறோம். முன்சிலுவைத் தசைநாரை இழுப்பதும் இதே திருகல்தான். ஒரு பாடவேளையில் எத்தனை முறை இப்படித் திரும்புகிறோம் என்று இதைப் படிக்கும் நீங்கள் நாளைக்கு எண்ணிப் பாருங்கள். பாதங்களைச் சிறு சிறு அடியாக எடுத்து வைத்து, கடிகார முள்போல உடல் முழுவதும் ஒன்றாகத் திரும்பும் முறையை வீட்டுச் சுவரில் ஒரு வாரம் பழகினேன். இப்போது அது வழக்கமாகிவிட்டது.

மாடிப்படிக்கும் ஒரு முறை உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். கைப்பிடி இருக்கும் பக்கம்தான் நடக்க வேண்டும். புடவைக் கொசுவம் காலில் தட்டும் என்பதால் அந்த மாதங்களில் சுடிதார்தான்.

தலைமையாசிரியரிடம் உடற்தகுதிச் சான்றோடு ஒரு தாளும் கொடுத்தேன். மூன்று மாதத்துக்கு எது முடியும், எது முடியாது என்று அதில் எழுதியிருந்தேன். ‘முடிந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற பொதுவான வேண்டுகோளைவிட இந்தத் தாள் நன்றாக வேலை செய்தது. அவர் படித்துவிட்டு, “பத்தாம் வகுப்பைக் கீழே கொண்டு வந்துடலாம் டீச்சர். மாடியில எட்டாம் வகுப்பு உட்காரட்டும்” என்றார். பத்து நிமிட வேலை, எனக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை மாடி ஏறுவது மிச்சமானது. வழிபாட்டுக் கூட்டத்தில் நாற்காலி போட்டார்கள். முதல் நாள் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் யாரும் கவனிக்கவில்லை. மைதானப் பொறுப்பைச் சக ஆசிரியர் ஒருவர் எடுத்துக்கொண்டார். பதிலுக்கு அவருடைய பதிவேட்டு வேலைகளில் சிலவற்றை நான் பார்த்தேன். இந்தப் பரிமாற்றம் இல்லாமல் சலுகை மட்டும் பெற்றிருந்தால் இரண்டாவது மாதத்தில் முணுமுணுப்பு வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பேசத் தயங்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். கழிப்பறை. இந்திய முறைக் கழிப்பறையில் குந்த முழங்கால் நன்றாக மடங்க வேண்டும். ஏழாவது வாரத்தில் எனக்கு அந்த அளவு மடங்கவில்லை, மடக்கவும் அனுமதியில்லை. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஆசிரியைகளிடையே ஏற்கெனவே இருக்கும் பழக்கம். நடுவில் துளையுள்ள பிளாஸ்டிக் நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கி வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. எங்கள் பள்ளியில் மூட்டுவலி உள்ள இன்னொரு ஆசிரியையும் இப்போது அதைப் பயன்படுத்துகிறார். எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் குழந்தைகளோடு தரையில் அமரும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதே சிக்கல் வகுப்பறையிலேயே வரும். அவர்கள் தரைக்குப் பதில் உயரம் குறைந்த முக்காலியில் உட்காரலாமா, எப்போதிலிருந்து தரையில் அமரலாம் என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது. நாம் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறோம் என்று சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

பணிச்சுமை கூடிவிட்டதா என்று அறிய எனக்கு ஒரு தையல் டேப் போதுமானதாக இருந்தது. காலையிலும் மாலையிலும் முட்டிச்சில்லின் நடுவே சுற்றளவை அளப்பேன். மாலையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் மறுநாள் உட்கார்ந்தே பாடம். வீக்கத்தைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. மூட்டுக்குள் நீர் கோத்தால் தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளை மட்டுப்படுகிறது. தசை சுருங்க மறுக்கிறது. அந்தத் தசை இளைத்தால் முழங்காலுக்குக் காவல் குறைகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு வாரம், முட்டியைத் தரையோடு அழுத்தித் தசையை இறுக்குவதும், காலை முழுவதுமாக நீட்டுவதும்தான் முக்கியப் பயிற்சிகள். வலிக்கு இதமாக இருக்கிறதென்று முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார்கள். கால் நீளாமலே நின்றுவிடும். வைப்பதானால் சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும். கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தாலோ, காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடானாலோ அது டேப் வைத்து அளக்கும் விஷயமில்லை, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஸ்கூட்டரை மூன்று மாதம் தொடவில்லை. மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு அறைக் கண்காணிப்பாளர் பணியைச் செய்தேன். அப்போது ஐந்தாவது மாதம். மூன்று மணி நேரம் மெதுவாக நடப்பது, அசையாமல் நிற்பதைவிட முட்டிக்கு எளிதாகவே இருந்தது. பத்தாம் வகுப்பின் அந்த இரண்டு பாடங்களும் பிப்ரவரி முதல் வாரத்தில் முடிந்திருந்தன.

இந்தக் காயம் ஆசிரியர்களைவிட நம் மாணவர்களுக்கு, குறிப்பாகக் கபடி, கால்பந்து, கூடைப்பந்து ஆடும் மாணவிகளுக்கு வர வாய்ப்பு அதிகம். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த நார் அதிகமாக அறுகிறது. மைதானத்தில் யாருக்காவது முட்டி திருகி, சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால், எண்ணெய் போட்டு நீவக் கூடாது, எழுந்து ஓடிப் பார்க்கவும் சொல்லக் கூடாது. துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்து, காலை உயர்த்தி வைத்து, எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்த மாணவி ஆறாவது மாதம் ‘வலியே இல்லை சார்’ என்று மாவட்டப் போட்டிக்கு வந்து நின்றால் சேர்க்கக் கூடாது. நார்வேயில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஒன்பதாவது மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தின் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

வராமல் தடுக்கவும் வழி இருக்கிறது. பிஃபா 11+ என்ற பெயரில் 2006இல் உருவான பயிற்சித் தொகுப்புக்கு 20 நிமிடம் போதும். மெதுஓட்டம், ஒற்றைக்காலில் நிற்றல், முட்டி உள்பக்கம் சாயாமல் குதித்து இறங்குதல், திசை மாற்றி ஓடுதல் ஆகியவை அதில் உள்ளன. கருவி எதுவும் வேண்டாம். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் இப்போது கபடி அணிக்கு வாரம் மூன்று நாள் இதைச் செய்ய வைக்கிறார். முட்டியை நேராக வைத்துக் குதித்து இறங்குகிறார்களா என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துச் சொல்வது என் வேலை.